பூட்டை இழுத்துப் பார்த்தால் போதுமா?

பொங்கலுக்கு இன்னும் பத்து நாள். எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வருஷா வருஷம் வரும் அறிவிப்பு வந்துவிட்டது. ஊருக்குப் போகிறவர்கள் நகையை வங்கி லாக்கரில் வைக்கவும். காவல் நிலையத்தில் தகவல் சொல்லிவிட்டுப் போகவும். பால், பேப்பரை நிறுத்தவும். ‘ஊட்டியில் நாங்கள்’ என்று ஃபேஸ்புக்கில் படம் போட்டு ஊருக்கெல்லாம் தண்டோரா போடாமல் இருக்கவும்.

நல்ல யோசனைகள்தான். ஆனால் அத்தனையும் திருடனை மனதில் வைத்து எழுதியவை. சிலிண்டரை மூடுங்கள், தண்ணீர் வால்வை மூடுங்கள், மெயினை அணையுங்கள் என்று ஒரு வரி கிடையாது. சேர்க்கச் சொல்லி நான் பதில் போட்டேன். “அதெல்லாம் அவரவர் வீட்டு விஷயம் சார்” என்று ஒருவர் எழுதினார். நாலு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

அவரவர் வீட்டு விஷயமா? திருடன் வந்தால் பூட்டிய வீட்டுக்கு மட்டும் வருவான். தண்ணீர் கீழ் வீட்டுக்கும் வரும். கேஸ் வெடித்தால் அடுத்த வீட்டுச் சுவரும் சேர்ந்துதான் போகும். இரண்டில் எது அவரவர் விஷயம், எது எல்லாருடைய விஷயம் என்று நீங்களே சொல்லுங்கள்.

நம் ஆட்கள் வீட்டைப் பூட்டும் அழகைப் பார்த்திருப்பீர்கள். பெரிய பூட்டு ஒன்று, கிரில் கேட்டுக்கு இன்னொன்று. பூட்டியதும் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். லிஃப்ட் வரை போய்த் திரும்பி வந்து நாலாவது தடவை இழுப்பார். அந்த அக்கறையில் கால் பங்கு உள்ளே காட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. ரயில் தாம்பரத்தில் ஏறி, சாமான்களைச் சீட்டுக்கு அடியில் தள்ளி, கூடுவாஞ்சேரி தாண்டும்போதுதான் மனைவியிடம் கேட்பார்: “கேஸ மூடினியா?” அந்த அம்மாள் “மூடினேன்னுதான் நினைக்கிறேன்” என்பார். செங்கல்பட்டு வரை இரண்டு பேருக்கும் சண்டை. பூட்டு ஆண்பிள்ளை வேலை, சிலிண்டர் பொம்பளை வேலை என்று யார் பிரித்து வைத்தது? காலையிலிருந்து புளியோதரை கிளறி, பாத்திரம் கழுவி, பேரனுக்கு ஸ்வெட்டர் தேடிக் களைத்தவரிடம் கடைசிக் கேள்வியையும் போடுவது என்ன நியாயம்? குனிந்து ரெகுலேட்டரைத் திருப்ப ஐந்து விநாடி ஆகும். பூட்டை இழுக்கிறவரே அதையும் செய்யலாம்.

‘மூடினேன்’ என்றால் என்ன என்பதும் வீட்டுக்கு வீடு வேறு. முக்கால்வாசிப் பேர் சொல்வது அடுப்பின் குமிழை. அதை மூடினால் பர்னருக்குப் போவதுதான் நிற்கும். சிலிண்டரிலிருந்து அடுப்பு வரை உள்ள குழாயில் கேஸ் அப்படியே அழுத்தத்தோடு நிற்கும். நாலு நாள் ஆளில்லாத சமையலறையில் எலிக்குக் கொண்டாட்டம். நம் பக்கத்துக் காலி மனைகளின் பெருச்சாளிகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய பச்சை ரப்பர் குழாயை இன்னும் மாற்றாதவர்கள் இருக்கிறார்கள். உள்ளே கம்பி வைத்த ஆரஞ்சு நிற சுரக்ஷா குழாய் போட்டவர்களும், அதற்கு ஆயுள் ஐந்து வருஷம், தேதி அதன் மேலேயே அச்சடித்திருக்கிறது என்பதைப் பார்த்ததில்லை.

நான் ரயில்வேயில் மின் பராமரிப்பில் இருந்தவன். மின்சார ரயிலுக்கு மேலே கம்பியில் 25,000 வோல்ட். ‘ஆஃப் பண்ணியாச்சு’ என்று யாராவது வாயால் சொன்னால் நாங்கள் கூரை மேல் ஏற மாட்டோம். அந்தப் பகுதியைத் தனியாகப் பிரித்திருக்க வேண்டும், எர்த் செய்திருக்க வேண்டும், எழுத்தில் அனுமதி கைக்கு வர வேண்டும். வீட்டு கேஸுக்கு அவ்வளவு வேண்டாம்தான். ஆனால் அணைப்பது வேறு, பிரிப்பது வேறு. ஊருக்குப் போகும்போது அடுப்புக் குமிழை மூடி, ரெகுலேட்டர் குமிழைத் திருப்பி, ரெகுலேட்டரையே சிலிண்டரிலிருந்து கழற்றி, அந்த வெள்ளை மூடியை ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். அந்த மூடியை நூலில் கட்டி ஒவ்வொரு சிலிண்டரோடும் அனுப்புகிறார்கள். சிலிண்டர் வந்த அன்றே நூலை அறுத்துக் குப்பையில் போடுவது நம் வழக்கம்.

ஏன் இவ்வளவு பயம் என்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, தரையில் தண்ணீர் மாதிரி பரவும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை உச்சியில் இருக்கிறது, அதனால் பயனில்லை. திருடனுக்குப் பயந்து ஜன்னல்களையும் சாத்தியாயிற்று. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கேஸ் கலந்தாலே பற்றிக்கொள்ளும். பத்துக்குப் பத்து அடிச் சமையலறை முழுவதும் அந்த அளவுக்கு நிரம்ப, 14.2 கிலோ சிலிண்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே போதும். நெருப்புக்கு ஆள் வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் ஃப்ரிட்ஜின் தெர்மோஸ்டாட் ‘டிக்’ என்று ஒரு தடவை விழுந்தால் போதும். அது நடக்கவில்லை என்றால் நீங்களே திரும்பி வந்து முடித்து வைப்பீர்கள். கதவைத் திறந்ததும் கை முதலில் எங்கே போகிறது? லைட் சுவிட்சுக்கு.

அந்த நாற்றத்தைக்கூட வேண்டுமென்றுதான் கலக்கிறார்கள். சமையல் கேஸுக்குத் தனியாக அப்படியொரு நெடி கிடையாது. மெர்காப்டன் என்ற வஸ்துவைக் கலப்பது நம் மூக்கு எச்சரிக்கட்டும் என்றுதான். பூட்டிய வீட்டில் எந்த மூக்கு இருக்கிறது? (கசிவு என்று சந்தேகம் வந்தால் 1906. இந்த எண்ணை யாராவது மனப்பாடமாகச் சொன்னால் நான் காபி வாங்கித் தருகிறேன்.)

இனி தண்ணீர். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம், காரணம் இருக்கிறது.

சிட்லபாக்கத்தில் எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள். மூன்று வருஷம் முன்பு ஒரு ஞாயிறு காலை, எங்கள் ஹால் மின்விசிறியின் கம்பியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பத்து நிமிஷத்தில் சொட்டு தாரையானது. சுவிட்ச் போர்டிலிருந்தும் வடிந்தது. ஆர்சிசிபி உடனே விழுந்துவிட்டது, அதனால் இன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். மேல் வீட்டு உரிமையாளர்கள் வெளிநாட்டில். ஆறு மாதமாக வீடு பூட்டியிருந்தது. சாவி பெங்களூரில் ஒரு உறவினரிடம்.

மொட்டை மாடிக்கு ஓடினோம். அங்கே வரிசையாக வால்வுகள். எந்தக் குழாய் எந்த வீட்டுக்குப் போகிறது என்று எழுதியிருந்த எழுத்தெல்லாம் வெயிலில் அழிந்து பல காலம். பிளம்பர் வந்து ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தார். எங்கள் வீடு நின்றது, எதிர் வீடு நின்றது, ஒழுகல் நிற்கவில்லை. கடைசியில் சரியான வால்வைக் கண்டுபிடித்துத் திருப்பினார். சக்கரம் கையோடு வந்துவிட்டது. நம் பக்கத்து போர் தண்ணீரின் உப்பு உங்களுக்குத் தெரியும். வருஷக்கணக்கில் திருப்பாத கேட் வால்வுக்குள் சுண்ணாம்பு கட்டி, அது கல்லாகிவிடும். தொட்டியின் மொத்த வெளிக்குழாயையே மூட வேண்டியதாயிற்று. பன்னிரண்டு வீடுகளுக்கும் மாலை வரை தண்ணீர் இல்லை. கீழ்த் தளத்தில் படுக்கையில் இருக்கும் ஒரு பாட்டிக்கும் இல்லை.

சாவி மறுநாள் வந்தது. திறந்து பார்த்தால் கழிவறை ஹெல்த் ஃபாசெட்டின் குழாய் வெடித்திருந்தது. இருநூறு, முந்நூறு ரூபாய்ச் சாமான். கைப்பிடியை விட்டால் தண்ணீர் நிற்கிறது என்று நினைக்கிறோம். குழாய்க்குள் அழுத்தம் இரவும் பகலும் நிற்கிறது. சுவரில் இருக்கும் ஆங்கிள் காக்கை மூடினால்தான் அந்தக் குழாய்க்கு ஓய்வு. வாஷிங் மெஷினுக்குப் போகும் குழாயும் அப்படியே, ஆர்ஓ மெஷினுக்குப் போகும் பென்சில் பருமன் குழாயும் அப்படியே. இந்த மூன்றில் ஒன்று என்றைக்காவது கழன்றுகொள்ளத்தான் செய்யும். நீங்கள் வீட்டில் இருந்தால் வாளி வைப்பீர்கள், ஊரில் இருந்தால் கீழ் வீட்டுக்காரன் வைப்பான்.

உரிமையாளரிடம் தொலைபேசியில் பேசினேன். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினார். அவருக்கு ஒன்றுதான் புரியவில்லை. “அங்கிள், நாங்க வீட்டைப் பூட்டிட்டுத்தானே வந்தோம்?”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை என்று சொல்ல மாட்டேன். குற்றம்தான். முதலீட்டுக்கு வாங்கி மூடிப்போட்ட வீடுகள் பெருங்களத்தூரிலும் வண்டலூரிலும் மேடவாக்கத்திலும் எத்தனை என்று இரவு எட்டு மணிக்கு எந்த அடுக்ககத்தையும் அண்ணாந்து பார்த்தால் தெரியும், விளக்கெரியாத ஜன்னல்களை எண்ணினால் போதும். அவற்றில் எத்தனை வீட்டுக்கு வால்வு மூடியிருக்கிறது? சொத்தை வாங்கும்போது பட்டா, வில்லங்கம் எல்லாம் பார்க்கிறார்கள். தண்ணீர் எங்கே மூடுவது என்று பில்டரிடம் கேட்டவர் யார்?

பில்டர்களையும் விட்டுவிட முடியாது. வாசலில் கிரானைட், லிஃப்டில் கண்ணாடி, வீட்டுக்கு ஒரு வால்வு மட்டும் கைக்கெட்டும் இடத்தில் வைக்க மனம் வராது. சமையலறைக்கு ஒரு குழாய், ஒவ்வொரு குளியலறைக்கும் ஒரு குழாய் என்று மாடியிலிருந்து தனித்தனியாக இறக்கி, வால்வை மேலேயே விட்டுவிடுவார்கள். மாடிக் கதவின் சாவி செக்யூரிட்டியிடம். செக்யூரிட்டி டீக்கடையில்.

தண்ணீர்தானே, கேஸ் மாதிரி ஆபத்தா என்று கேட்கலாம். 2019 கோடை அதற்குள் மறந்துவிட்டதா? செம்பரம்பாக்கம், சோழவரம், புழல், பூண்டி நான்கும் வறண்டன. ஒரு லாரித் தண்ணீருக்கு நாள்கணக்கில் காத்திருந்தோம், குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அலுவலகம் போனவர்கள் உண்டு. அந்த வருஷம்தான் நாம் குழாயைத் திருப்பி, தண்ணீர் வரவில்லை என்றால் அப்படியே திறந்துவைத்துவிட்டுப் போகக் கற்றுக்கொண்டோம். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் கை கழுவக் குழாயைத் திருப்புகிறோம். தொட்டி காலி. மூடாமல் ஓடுகிறோம். ரயில் விழுப்புரம் போவதற்குள் இங்கே மோட்டார் போடுகிறார்கள். நிமிஷத்துக்குப் பத்து லிட்டர் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 14,400 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்று முழுசாகச் சாக்கடைக்குப் போய், அதற்கு மேலும் போகிறது. பணம் பன்னிரண்டு வீட்டுப் பராமரிப்புக் கணக்கிலிருந்து.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் “ஃப்ரிட்ஜ் ஓடட்டும், பால் தயிர் இருக்கு” என்கிறவர்கள் என்னை விட மாட்டேன் என்கிறார்கள். தயிரைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். ஃப்ரிட்ஜைக் காலி செய்து, துடைத்து, கதவைக் கொஞ்சம் திறந்துவைத்து, மெயினை அணையுங்கள். இன்று விற்கும் ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலானவற்றில் குளிரூட்டுவது ஐசோபியூட்டேன். சிலிண்டரில் இருக்கும் பியூட்டேனுக்கு ஒன்றுவிட்ட தம்பி. சில பத்து கிராம்தான், ஆனால் அதுவும் எரியும்.

2019 ஜூனில் சேலையூரில் ஒரு வீட்டில் இரவில் ஃப்ரிட்ஜிலிருந்து கிளம்பிய புகை ஒரே குடும்பத்தில் மூன்று பேரைத் தூக்கத்திலேயே கொண்டுபோயிற்று. 2022 நவம்பர் 4 விடியற்காலை ஊரப்பாக்கத்தில் இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பம், பல மாதம் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்து தங்கியிருந்தார்கள். ஃப்ரிட்ஜ் வெடித்து, புகை சூழ்ந்து மூன்று பேர் இறந்தார்கள். அதற்கு ஒரு வாரம் எங்கள் குழுவில் துக்கச் செய்திகள் குவிந்தன. பிறகு வழக்கம் போலப் பூட்டு, நகை, திருடன். நெடுநாள் மூடியிருந்த வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் முதலில் ஜன்னல்களைத் திறக்க வேண்டும், சுவிட்சைத் தொடுவது அப்புறம், சும்மா கிடந்த ஃப்ரிட்ஜை மெக்கானிக் ஒருவர் பார்த்த பிறகே போட வேண்டும் என்று யாரும் எழுதவில்லை.

மெயினை அணைக்கச் சொன்னால் உடனே வரும் சாக்குகள் இரண்டு. மீட்டர் ரீடிங் எடுக்க வருவார்கள் என்பது ஒன்று. மீட்டர் மெயினுக்கு முன்னால் இருக்கிறது ஐயா, உங்கள் மெயினை அணைத்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. இன்னொன்று சிசிடிவி. அதற்கு ஒரு தனி எம்சிபி விட்டு மற்றதை இறக்கலாம், எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி நேர வேலை. இன்வர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இது பலருக்குத் தெரிவதில்லை. மெயினை இறக்கினால் வீடு செத்துவிட்டதாக அர்த்தமில்லை. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து இன்வர்ட்டர் விழித்துக்கொள்ளும். லைட், ஃபேன் லைன்களில் பேட்டரி தீரும் வரை உயிர் இருக்கும். தீர்ந்த பேட்டரி பதினைந்து நாள் கிடந்தால் அதுவும் வீண். இன்வர்ட்டரைத் தனியாக அணைக்க வேண்டும். கீசரையும் பாருங்கள், தண்ணீரை மூடிவிட்டு கீசரை ஓடவிட்டுப் போவது புத்திசாலித்தனம் இல்லை.

ஐப்பசி, கார்த்திகையில் ஊருக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூர், வரதராஜபுரம் தரைத்தள வீடுகளில் ஆள் உயரத்துக்கு நின்ற தண்ணீரை மறக்க முடியுமா? நிரம்பிய சிலிண்டர்கூட வெள்ளத்தில் மிதக்கும். முப்பது கிலோ எடை, ஆனால் அதைவிட அதிகத் தண்ணீரை ஒதுக்குகிற உருவம். ரெகுலேட்டரோடு விட்டுப் போனால் மிதக்கும் சிலிண்டர் குழாயைப் பிடித்து இழுக்கும். மூழ்கிய ப்ளக் பாயின்ட்டில் மின்சாரம் இருந்தால், உள்ளே இறங்கிச் சாமானை மீட்க வரும் பக்கத்து வீட்டுப் பையன்தான் மாட்டுவான்.

“முப்பது வருஷமா இப்படித்தான் போறோம், ஒண்ணும் ஆகலையே” என்பவரிடம் எனக்குப் பதில் கிடையாது. முப்பது வருஷமாகப் பூட்டும் யாரும் உடைக்கவில்லை. அதற்காக அவர் பூட்டாமல் போகிறாரா?

போலீஸும் மாநகராட்சியும் வந்து சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தாம்பரம் 2021இல் மாநகராட்சியாகிவிட்டது, ஆனால் நம் மொட்டை மாடி வால்வை வந்து மூட அதற்கு நேரமிருக்காது. இது சங்கத்தின் வேலை. வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நான் எழுதிக் கொடுத்திருப்பது இவ்வளவுதான். இரண்டு நாளுக்கு மேல் வீட்டைப் பூட்டுகிறவர் தண்ணீர், கேஸ், மெயின் மூன்றையும் மூடியதாகச் சங்கத்துக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஒரு சாவி இந்த வளாகத்துக்குள் அவர் நம்பும் யாரிடமாவது இருக்க வேண்டும், பெங்களூரில் அல்ல. துருப்பிடித்த கேட் வால்வுகளை எடுத்துவிட்டு, கால் சுற்றில் மூடும் பால் வால்வு போட வேண்டும், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அவற்றைத் திருப்பி விட வேண்டும். ஒவ்வொரு குழாயிலும் வீட்டு எண்ணைப் பெயின்ட்டில் எழுத வேண்டும்.

நேற்று இரவே செயலாளரிடமிருந்து பதில் வந்தது. முதல் மூன்றும் விவாதிக்கப்படுமாம். பெயின்ட் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது என்றுதான் சந்தேகமாம். பெயின்ட் என்னிடம் அரை டப்பா இருக்கிறது. கிரில்லுக்கு அடித்தது போக மிச்சம், கருப்பு. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மாடியில் இருப்பேன். ஏணி பிடிக்க ஒருவர் வந்தால் போதும்.